மட்டன் தெருவில் எட்டுத் தட்டு

ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டால் கூட இருக்கவேண்டிய எட்டு இசைத்தட்டுகள் எவை? 1942 ஜனவரி 29 அன்று பி.பி.சி. வானொலியில் ராய் பிளம்லி கேட்கத் தொடங்கிய கேள்வி இது. எண்பது வருஷம் தாண்டியும் அந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டுத் தட்டோடு ஒரு புத்தகம், ஓர் ஆடம்பரப் பொருள் என்று விதிகள் பிறகு சேர்ந்தன. ஆரம்ப காலத்தில் கேள்வியோடு ஒரு சலுகையும் சேர்ந்தே வரும்: தீவில் கிராமபோன் இருக்கும், ஊசிக்குப் பஞ்சமே இருக்காது.

தட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தச் சலுகையின் அருமை தெரியும். முதலில் தீர்வது ஊசிதான். அடுத்தது தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட். தட்டு கடைசிவரை நிற்கும், பார்த்து எடுத்திருந்தால். அதனால் எட்டை மனசுக்குள் பட்டியல் போடுவதோடு நிறுத்தாமல், அவற்றை மும்பையில் கையில் வாங்க முடியுமா, எந்த நிலைமையில் கிடைக்கும் என்று பார்ப்பதற்காக எழுதியது இது. கடை என்று இங்கே சொல்வது ஒரு கடையை இல்லை. பழைய பொருள் சந்தையான சோர் பஜாரின் மட்டன் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் பழைய தட்டு விற்கிற கடைகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹிந்துஸ்தானிக்கும் ஹிந்திப் படப் பாட்டுக்கும் இந்தத் தெரு போதும், வேறெங்கும் அலையவேண்டாம். மேற்கத்திய இசைக்குப் பாதி மார்க். கர்நாடக இசையும் தமிழ்ப் படத் தட்டும் இருக்கின்றன, ஆனால் கண்ணில் படும்படி இருக்காது. தமிழர்கள் நிறைய வசிக்கிற மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய வீடுகள் காலியாகும்போது வந்து சேர்பவை அவை. கடைக்காரருக்கு அவற்றின் பெயரைப் படிக்கத் தெரியாததால் "சவுத் கா" (தெற்கத்தியது) என்று ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு மேஜைக்கு அடியில் தள்ளியிருப்பார். கேட்டால்தான் வெளியே வரும். நம்மவர்களுக்கு இது நல்லதே. சின்னத் தட்டான கன்னடப் பட ஈ.பி.க்கும் பெரிய தட்டான நாதஸ்வர எல்.பி.க்கும் அந்தப் பெட்டியில் ஒரே விலை.

இந்தத் தெருவைத் தீவுத் தட்டுக்குத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. மும்பையே ஏழு தீவுகளைச் சேர்த்துக் கட்டிய ஊர். உப்புக்காற்று, நாலு மாச மழை, சுவரிலிருந்து இறங்கும் ஈரம் எல்லாவற்றையும் பார்த்து, நாற்பது ஐம்பது வருஷம் கழித்தும் வளையாமல் பூஞ்சை பிடிக்காமல் இருக்கிற தட்டு தீவிலும் தாங்கும். ஏற்கெனவே பரீட்சை எழுதித் தேறிய தட்டுகள் இவை.

போகும் நாள்: வெள்ளிக்கிழமை கடைகளுக்கு விடுமுறை. அன்றைக்குத் தெருவோரத்தில் விடிகாலையிலிருந்து விரிப்புக் கடைகள் போடுவார்கள். அங்கேயும் தட்டு வரும், ஆனால் உறை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் கிடக்கும், போட்டுக் கேட்கவும் வழியில்லை. தீவுக்கு எடுக்கிறவர் மற்ற நாட்களில் காலை பதினொன்றுக்கு மேல் போவது நல்லது. மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ லோக்கலில் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு இறங்கி, ஜே.ஜே. ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தால் வந்துவிடும். வெஸ்டர்ன் லைன்காரர்களுக்கு கிராண்ட் ரோடு.

கடையில் முதல் வேலை, அட்டையைப் பார்த்து மயங்காமல் தட்டை வெளியே எடுப்பது. அட்டைக்குள் வேறு தட்டு இருப்பது இந்தத் தெருவில் சர்வ சாதாரணம். லேபிளில் இருக்கிற எண்ணும் அட்டை முதுகில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எச்.எம்.வி. நிறுவனத்தின் சாஸ்திரீயத் தட்டுகளில் ஈ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்று தொடங்கினால் ஸ்டீரியோ. ஒரே இசை இரண்டு விதத்திலும் வந்திருக்கும். ஸ்டீரியோ தட்டைக் கொஞ்சம் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும். அந்தக் காலத்து மோனோ பிளேயரின் ஊசி பக்கவாட்டில் மட்டும்தான் அசையும். ஸ்டீரியோ தட்டில் ஊசி ஓடும் கோட்டுக்கு, அதாவது பள்ளத்துக்கு, ஊசி மேலும் கீழும் அசைய வேண்டும். அசையாத ஊசி பள்ளத்தை உழுதுகொண்டே போயிருக்கும்.

அடுத்தது வெளிச்சம். கடை டியூப்லைட்டில் எல்லாத் தட்டும் பளபளக்கும். வாசல் வெயிலுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் தட்டை மெல்லச் சாயுங்கள். முடி போன்ற மெல்லிய கோடுகள் பரவாயில்லை, பெரும்பாலும் காதில் விழாது. நகத்தை லேசாகக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படுகிற கீறல்தான் பிரச்சினை. அது பள்ளங்களுக்குக் குறுக்கே ஓடினால் 1.8 விநாடிக்கு ஒரு தடவை 'டக்' என்று கேட்கும். 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுதான். கீறல் பள்ளத்தின் திசையிலேயே சாய்ந்து ஓடினால் இன்னும் மோசம். ஊசி அதிலேயே வழுக்கிப் பழைய இடத்துக்குத் திரும்பும், அனுபல்லவி முடியவே முடியாது. கீறலே இல்லாமல் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்தமாதிரி இருந்தால் அது தேய்மானம். கீறலைவிட இது கெட்டது. கீறல் ஓரிடத்தில் மட்டும் கேட்கும், தேய்ந்த தட்டு முதலிலிருந்து கடைசிவரை கரகரக்கும், எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது.

நடு ஓட்டையைச் சுற்றி லேபிளைப் பாருங்கள். இருட்டில் ஓட்டையைத் தடவித் தடவித் தட்டைப் போட்டவர்கள் விட்டுப்போன கோடுகள் அங்கே இருக்கும். கோடு நாலைந்து என்றால் தட்டு அதிகம் ஓடவில்லை. லேபிளே வெள்ளையாகச் சுரண்டுபட்டிருந்தால் அந்த வீட்டில் அது தினசரி வழிபாடு. பிறகு தட்டைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்து விளிம்பு ஓரமாகப் பாருங்கள். தோசைக்கல் மாதிரி முழுதும் குழிந்திருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். விளிம்பில் ஓரிடம் மட்டும் திடீரென்று தூக்கியிருந்தால் ஊசி துள்ளும், விட்டுவிடுங்கள். வெள்ளைப் புள்ளிகளும் ஈர வாசனையும் பூஞ்சை. தட்டிலிருந்து அதைக் கழுவலாம், அட்டையிலிருந்து முடியாது. பூஞ்சை பிடித்த அட்டையை மற்றவற்றோடு சேர்த்து வைத்தால் ஒரு மழைக்காலத்தில் அலமாரி முழுக்கப் பரவும். தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு அட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

தேறிய தட்டைப் போட்டுக் கேட்கவேண்டும். பெரும்பாலான கடைகளில் ஒரு பிளேயர் இருக்கும். போடச் சொன்னால் கடைக்காரர் முதல் பாட்டைத்தான் வைப்பார். நீங்கள் கடைசிப் பாட்டை வைக்கச் சொல்லுங்கள். காரணம் எளிய கணக்கு. சுற்றும் வேகம் மாறாது, ஆனால் விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, லேபிளுக்கு அருகே வரும்போது அது 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறது. தேய்மானம் முதலில் தெரிவது அங்கேதான். உள்பக்கம் சுத்தமாகக் கேட்டால் வெளிப்பக்கத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இன்னொரு சோதனைக்குக் கர்நாடகக் காது உதவும். ஓட்டை நடுவில் விழாத தட்டுகள் நம் நாட்டில் அச்சடித்தவற்றில் கொஞ்சம் அதிகம். அப்படிப்பட்ட தட்டில் ஊசிக்கை இடமும் வலமும் ஊஞ்சல் ஆடும், சுருதியும் அதோடு ஆடும். சினிமாப் பாட்டில் இது சட்டென்று தெரியாது. தம்பூரா கேட்கிற இடத்தில் பத்து விநாடி கவனித்தால் போதும், பஞ்சமம் ஏறி இறங்குவது காதில் விழும். தீவில் ஆயிரம் தடவை கேட்கப்போகிற தட்டில் இதைச் சகிக்க முடியாது. அதே நேரம், கடை பிளேயரில் முழுப் பக்கத்தையும் ஓட்டவேண்டாம். பல கடைகளில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பழைய செராமிக் வகையாகத்தான் இருக்கும், ஊசி அழுத்தம் 5 கிராமுக்கும் மேலே போகும். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 1.5 முதல் 2 கிராம் போதும். ஒரு நிமிஷம் கேட்டு எடுத்துவிடுங்கள்.

விலை பற்றி: சாதாரண ஹிந்திப் படத் தட்டு சில நூறு ரூபாய்க்குள் முடியும். இறக்குமதி ஜாஸும் ராக்கும் ஆயிரங்களைத் தொடும். சொன்ன விலை கடைசி விலை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். ஒரு தட்டுக்கு நின்று பேரம் பேசுவதைவிட நாலைந்தைச் சேர்த்து வைத்து "பாய், சேர்த்து லாஸ்ட் கித்னா?" (கடைசி விலை எவ்வளவு?) என்று கேட்டால் நன்றாக இறங்கும். குறையைக் கையில் வைத்துக் காட்டினால் இன்னும் இறங்கும். விளிம்பு தூக்கல், அட்டை கிழிசல், லேபிள் கோடு என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். தட்டை மதிக்கத் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று புரிந்தால் உள்ளேயிருந்து நல்ல பெட்டியும் வரும்.

இனி எட்டு. தேர்வுக்கு ஒரே அளவுகோல்தான் வைத்தோம். பிடித்த பாட்டு இருக்கிற தட்டு என்பது தகுதி இல்லை. ஒரு பக்கத்தை எடுத்தால் இருபது நிமிஷமும் ஊசியைத் தூக்கத் தோன்றக்கூடாது. இந்த ஒரு விதியில் 'சிறந்த பாடல்கள்' தொகுப்புகள் அத்தனையும் கழிந்துவிடும். ஒவ்வொன்றும் தனியாக உச்சம், சேர்ந்து ஒரு பக்கமாக நிற்காது. ஒரே பாட்டுக்காகத் தட்டை எடுத்துப்போனால் பத்தாம் நாள் அந்தப் பாட்டும் சலிக்கும்.

முதலாவது, 1967-இல் எச்.எம்.வி. வெளியிட்ட 'கால் ஆஃப் தி வேலி'. சிவகுமார் சர்மா சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், பிரிஜ்பூஷண் காப்ரா கிட்டார். காஷ்மீர் மேய்ப்பன் ஒருவனின் ஒரு நாள் என்பது கரு. காலைக்கு ஆஹிர் பைரவ், நட பைரவ் என்று தொடங்கி, பீலூ வழியாக மறுபக்கம் திரும்பி, பூப், தேஸ், பஹாடி என்று இரவுக்குப் போய்ச்சேரும். கடிகாரம் இல்லாத தீவில் பொழுதைச் சொல்ல இதைவிட நல்ல தட்டு கிடையாது. மட்டன் தெருவில் இது ஏராளமாகக் கிடைக்கும், அதனால் அவசரப்படாமல் நாலைந்து பிரதி பார்த்து எடுக்கலாம். சந்தூர் ஓர் உண்மை விளம்பி. அதன் ஒவ்வொரு தட்டலும் கூர்மையான தொடக்கம் உடையது, பள்ளம் தேய்ந்திருந்தால் அந்தத் தொடக்கம் சில்லுச் சில்லாக உடையும். பஹாடியின் கடைசி இரண்டு நிமிஷத்தைப் போட்டுக் கேட்டால் தட்டின் ஜாதகமே தெரிந்துவிடும்.

இரண்டாவது, எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'வேங்கடேச சுப்ரபாதம்', 1963. சுப்ரபாதம் 29 சுலோகம், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14, மொத்தம் 70 சுலோகம் சுமார் இருபது நிமிஷத்தில். கூடச் சேர்ந்து பாடுவது ராதா விஸ்வநாதன். எல்.பி.யின் ஒரு பக்கத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி அமைந்த படைப்பு. மும்பையில் 'சவுத்' பெட்டியில் அதிகம் வருவதும் இதுதான், அதிகம் தேய்ந்து வருவதும் இதுதான். விடியற்காலை தினமும் ஓடிய தட்டு வேறெப்படி இருக்கும்? ஒரு யோசனை: இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுப்ரபாதப் பக்கம் மட்டும் சாம்பல் பூத்திருந்தால் அது பயன்படாது. இரண்டு பக்கமும் ஒரே கறுப்பில் இருந்தால், வீட்டில் கேசட் வந்தபிறகு அலமாரியில் தூங்கிய பிரதி. எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாகுக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. வயலின் வி.எஸ். நரசிம்மன். பாகின் ஈ மேஜர் பார்ட்டிடா முன்னிசையை வயலின் அப்படியே வாசிக்க, அதற்கு அடியில் புதிதாக ஒரு வாத்தியக் கூட்டம் நடந்துகொண்டே போகிற இடம் ஒன்று இருக்கிறது. முதல் பத்து தடவை மேலே போகிற வயலினை மட்டும் கேட்பீர்கள். பிறகு காது இறங்கி நடுக் குரல்களைப் பிடிக்கத் தொடங்கும், அதற்கப்புறம் பாஸ். தீவுக்கு வேண்டியது இந்தமாதிரி அடுக்கு. சிக்கல் என்னவென்றால், கேசட் நாட்டைப் பிடித்துவிட்ட காலத்தில் வந்த எல்.பி. இது. விற்கிறவருக்கும் மதிப்பு தெரிந்துவிட்டது, 'சவுத்' பெட்டியில் தற்செயலாகக் கிடைப்பது அபூர்வம். சொல்லிவைத்து வாங்குவதுதான் வழி.

நான்காவது, ராமநாதபுரம் கிருஷ்ணனின் 'வித்வான்'. 1968-இல் அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் வெளியிட்டது. வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன். அவசரமே இல்லாத பாட்டு. எங்கேயும் குரலைத் தூக்கிக் கைதட்டு வாங்கப் பார்க்காமல், ஒரு பிரயோகத்தைப் பாதியில் விட்டு அடுத்த மூச்சில் முடிக்கிற பாணி. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனபிறகும் அந்த இடைவெளிகள் அப்படியே உயிரோடு இருக்கும். வெளிநாட்டில் அச்சடித்தது என்பதால் தட்டில் இரைச்சல் குறைவு. மட்டன் தெருவில் இதை எதிர்பார்த்துப் போகக்கூடாது. அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பத்தின் பெட்டியோடு வந்தால் உண்டு. மாட்டுங்கா, செம்பூரில் வீடு மாற்றுகிறவர்களிடம் நேரே விசாரிப்பது இதற்குப் பலன் தரும்.

இந்த இடத்தில் நாதஸ்வரத்தை ஏன் விட்டோம் என்று சொல்லவேண்டும், விட மனசில்லாமல் விட்டது அது. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா எல்.பி.க்கள் பெட்டியில் வருகின்றன. ஆனால் நாதஸ்வரத்தின் ஒலியில் மேல்சுரங்கள் மிக வலுவானவை. அதைத் தாங்கும் பள்ளம் நெளிவு கூடியது, கனமான ஊசி அதை முதலில் சிதைக்கும். பழைய பிரதிகளில் தாரஸ்தாயி வரும்போது சீவாளி கிழிந்தமாதிரி ஒரு கரகரப்பு ஏறும். குறையில்லாத பிரதி கிடைத்தால் 'வித்வான்' தட்டுக்குப் பதிலாக அதையே வைத்துக்கொள்ளலாம், வருத்தம் இருக்காது.

ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை. நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனம் ஒரு பழைய தேவாலயத்தை ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தது, 30-ஆவது தெருவில். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-இல் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாளில் அங்கே பதிவானது. முதல் நாள் பதிவின்போது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் போடும்போது முதல் பக்கம் முழுக்கச் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கும். இது 1992-இல்தான் திருத்தப்பட்டது. ஆகவே பழைய பதிப்பு என்று கூடுதல் விலை கொடுப்பதற்கு முன்னால் யோசியுங்கள். சும்மா கேட்கிறவருக்குத் தெரியாது. கூடவே புல்லாங்குழலோ வயலினோ வாசிக்க நினைக்கிறவருக்கு முதல் பக்கம் ஒத்தே வராது, இரண்டாம் பக்கம் ஒத்துவரும். தீவில் பொழுது நிறைய இருக்கும், கூட வாசிக்கத்தான் தோன்றும். திருத்திய மறுபதிப்பே சிறந்தது, அதற்கு மட்டன் தெரு தேவையில்லை. புதுத் தட்டு விற்கிற கடைகளில் கேட்கலாம்.

பியானோ கலைஞர் கிளென் கூல்ட் பாகின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்னும் 30 வேறுபாடுகளை அதே கூடத்தில் 1955-இலும் 1981-இலும் இரண்டு முறை பதிவு செய்தார். முதலாவது 38 நிமிஷம், பறக்கும். இரண்டாவது 51 நிமிஷம். தீவுக்கு இரண்டாவது. ஆரம்பத்தில் வரும் மூல மெட்டான ஆரியா அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் வைத்துப் பார்த்து வைத்தமாதிரி வரும், கடைசியில் அதே ஆரியா திரும்பும்போது வேறு பாட்டாகக் கேட்கும். வாசிக்கும்போது அவர் தன்னை மறந்து முணுமுணுப்பதும் பதிவில் இருக்கிறது. குறை என்று சிலர் சொல்வார்கள். தனியாக இருக்கிற இடத்தில் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நினைப்பு அந்த முணுமுணுப்பில் கிடைக்கும்.

ஏழாவது, 'சக்தி' குழுவின் முதல் தட்டு. கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். 1975 ஜூலை 5 நேரடிக் கச்சேரி, 1976-இல் வெளியானது. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிஷம். எல்.பி.யின் ஒரு பக்கம் வசதியாகத் தாங்குவது 22 நிமிஷம்வரை. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி, ஒலியளவைக் குறைத்து வெட்டவேண்டும். கேட்கிறவர் வால்யூமைக் கூட்டுவார், தூசியின் சத்தமும் கூடும். அதனால் இந்தத் தட்டை மட்டும் மிகச் சுத்தமான பிரதியாக எடுங்கள், சுமாரானது கிடைத்தால் வேண்டாம். கடத்தின் கீழ் ஒலி தெளிவாக 'தொம்' என்று இறங்குகிறதா, மண்பானையைத் தட்டினமாதிரி மந்தமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

எட்டாவதுக்குத் தமிழ்ப் படத் தட்டு என்றுதான் பலரும் சொல்வார்கள். ஐந்தாறு பாட்டுக்கு இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிற படங்கள் அதிகம், அதனால்தான் நிறையப் படங்கள் ஏழு அங்குல ஈ.பி.யோடு நின்றன. எங்கள் தேர்வு பாட்டுத் தட்டு இல்லை. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் கதை வசனத் தட்டு. சிவாஜியும் நாகேஷும் வாதாடும் தருமி காட்சியைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தீவில் இசையைவிட முதலில் ஏங்கவைப்பது பேச்சாகத்தான் இருக்கும். ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்ல, நடுவில் ஒருவர் புலம்ப, அத்தனையும் நம் மொழியில். பேச்சுத் தட்டுக்கு இன்னொரு வசதி, சிறு கீறலும் கரகரப்பும் இசையைப்போல் இதை அவ்வளவு பாதிக்காது. சுமாரான பிரதியே போதும், விலையும் இறங்கும்.

வாங்கியதைக் கழுவாமல் உங்கள் ஊசியை வைக்கவேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி, பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நாலு சொட்டு. குழாய்த் தண்ணீர் கூடாது, காய்ந்ததும் அதன் உப்பு பள்ளத்திலேயே தங்கும். லேபிளில் படாமல், மெல்லிய இழைத் துணியால் பள்ளத்தின் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு தடவை அலசி, நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் தூசியைக் கூப்பிட்டு ஒட்டிக்கொள்ளும். 78 சுற்றுத் தட்டு ஏதும் வாங்கியிருந்தால் இந்தக் கலவை ஆகவே ஆகாது. அது அரக்கில் செய்தது, ஆல்கஹால் பட்டால் கரையும்.

பிறகு ஊசி. எட்டுத் தட்டையும் தினம் ஒரு சுற்று போட்டால் சுமார் ஐந்தேகால் மணி நேரம். சாதாரண வைர ஊசிக்கு 500 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். நாளைக்கு இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டால் ஒரு வருஷம் வரும். சாவி கொடுக்கிற கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாமே என்று தோன்றும். ஆனால் அதில் எல்.பி. ஓடாது. அதன் எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றவேண்டும், 200 ஊசி டப்பா 200 பக்கத்தோடு காலி. நேர்மின் மோட்டார் உள்ள பெல்ட் டிரைவ் பிளேயரும், சிறிய சோலார் பலகையும், நாலு உபரி ஊசியும், இரண்டு பெல்ட்டும் போதும். பெல்ட்டும் ஊசியும் மட்டன் தெருவில் தேடவேண்டாம், பழைய ரப்பராகத்தான் இருக்கும். அப்படியே நடந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு போய்விடுங்கள்.

வீடு திரும்பும்போது தட்டுகளுக்கு இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டி, நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளவேண்டும். படுக்கவைத்து மேலே பை வைத்தால் வளையும், வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் ஒரே மதியத்தில் வளையும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் ஏறினால் தட்டை நிமிர்த்திப் பிடிக்க இடம் இருக்காது. மூன்றரைக்குள் ரயிலைப் பிடியுங்கள்.